ஐந்து பேர் போதும்

ஒரு கருவி சாதாரண மனிதர்களின் கைக்குப் படிகிறதா என்று பார்க்க ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் கருவியைத் திருத்த வேண்டும்.

நம் ஆட்சியாளர்களுக்கு இந்தக் கஞ்சத்தனம் ஆகாது. ரேஷன் கடையில் ஆதார் கைரேகையைச் சரிபார்க்கும் கருவியைக் கோடிக்கணக்கானோரை வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். ஊரார் வீட்டு நெய்யென்றால் கை தாராளம்தானே! போனது அவர்களுடைய கூலியா என்ன?

முடிவு தெரியாமலும் இல்லை. ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37 சதவீதம் சரிபார்ப்புத் தோல்வி என்ற மதிப்பீட்டை மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே அச்சிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையம் சொன்ன கணக்கு இன்னும் அழகு: தொலைபேசி நிறுவனங்களில் வெற்றி 97 சதவீதம், வங்கிகளில் 95, அரசுச் சேவைகளில் 88. சிம் கார்டு வாங்கப் போனால் தெரிகிற ரேகை, அரிசி வாங்கப் போனால் மறைந்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு 2020 அக்டோபரில் அந்தக் கருவி தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

யாருடைய ரேகை விழாது? முந்திரிக்கொட்டை உடைத்து அதன் பாலில் தோல் வெந்தவள், செங்கல் சூளைக்காரன், ஊர்ப் பாத்திரமெல்லாம் தேய்ப்பவள், எழுபது வயதுக் கிழவி. "துடைச்சிட்டு வைம்மா. அடுத்த விரலை வை. விழலை, நாளைக்கு வா." உழைத்துத் தேய்ந்த விரலுக்கு ஃபெயில் மார்க், அதைப் படிக்கத் தெரியாத பெட்டிக்கு அடுத்த டெண்டர். ரேகை விழாதவரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று மத்திய அரசு 2017-இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. காகிதத்துக்குப் பசிப்பதில்லை.

இப்போதும் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. நீல்சன் கணக்குப்படி ஐந்தே பேரைப் பிடிப்போம்: துறை அமைச்சர், செயலாளர், டெண்டர் குழுத் தலைவர், கருவி விற்ற முதலாளி, ஆலோசனை சொல்லிக் காசு வாங்கிய நிபுணர். ஒரு மாதம் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கட்டும். பிறகு சம்பளத்துக்கு ரேகை வைக்கட்டும், வெயிலில், வரிசையில் நின்று. முதல் ஆளிடம் "நாளைக்கு வாங்க சார்" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டாவது ஆள் விரலை நீட்டுவதற்குள் மாற்று வழி பிறந்துவிடும், அரசாணையோடு.