உயிரோடுதான் இருக்கீங்களா, பாட்டிம்மா?

நவம்பர் பிறந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் இன்னும் சாகவில்லை என்று நிரூபித்தாக வேண்டும். எழுபத்தெட்டு வயதுப் பாட்டி ஆட்டோ பிடித்து வங்கிக்கு வருகிறார். எதிரே நின்று மூச்சு வாங்குவதெல்லாம் சாட்சியாகாது. லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கட்டைவிரல் வைக்க வேண்டும். ஐம்பது வருடம் பாத்திரம் தேய்த்ததில் ரேகையும் சேர்ந்து தேய்ந்துவிட்டது. "கையைத் துடைச்சிட்டு வைங்க பாட்டிம்மா." கையெழுத்தும் ஒத்துப்போகவில்லை. கணக்குத் தொடங்கியபோது கை நடுங்கவில்லை, அதுதான் குற்றம். அவ்வளவு கறாரான இடம் அது.

அதே பாட்டி இன்னொரு நாள் முகம் வெளுத்து, காதில் ஒட்டிய ஃபோனோடு அதே கவுன்டருக்கு வருகிறார். ஆயுள் முழுக்கச் சேர்த்த டெபாசிட்டை முறித்து, ஏதோ ஓர் ஊரில் எவனோ ஒருவன் கணக்குக்கு ஆர்டிஜிஎஸ் செய்யச் சொல்கிறார். படிவத்தில் எண் சரியாக இருக்கிறதா? இருக்கிறது. அனுப்பியாயிற்று. கெடுவுக்கு முன்னால் முறித்ததற்கு வட்டியில் கொஞ்சம் பிடித்தும் ஆயிற்று. கடமையில் குறை வைக்கலாமா? ("யாருக்கும்மா இவ்வளவு பணம் அனுப்புறீங்க?" என்று கேட்டுத் தடுத்த ஊழியர்களும் அங்கங்கே இருக்கிறார்கள். செய்தித்தாளில் அவர்கள் படம் வருகிறது. ஒரு கேள்வி கேட்டதற்கே படம் போட்டுக் கொண்டாடும் நிலையில் இருக்கிறோம்.)

பணம் போய் விழுந்த கணக்கு காட்டிலா இருக்கிறது? இன்னொரு வங்கியில்தான் இருக்கிறது. ஆதார், பான், கேஒய்சி எல்லாம் பக்கா. சில ஆயிரம் ரூபாய்க்குத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட ஒரு பையன் பேரில் இருக்கும். நேற்றுவரை முந்நூறு ரூபாய் கிடந்த கணக்கில் இன்று ஏழு லட்சம் விழுகிறது. டீ ஆறுவதற்குள் பத்துக் கணக்காகப் பிரிந்து பறக்கிறது. பாட்டியின் கட்டைவிரலைச் சந்தேகப்பட்ட கம்ப்யூட்டருக்கு இதில் ஒரு சந்தேகமும் வருவதில்லை.

ஆனால் தப்பு பாட்டி மேல்தான். விழிப்புணர்வு இல்லையாம்.

2024இல் இந்தியர்கள் இணைய மோசடியில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று அரசே மக்களவையில் சொன்னது. அதற்கு முந்தைய வருடம் 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. நாட்டில் வேறெந்தத் தொழில் இப்படி வளர்ந்தது?

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்பவர்கள் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை நினைத்துக்கொள்ளட்டும். பத்மபூஷண் வாங்கியவர். 2024இல், 82 வயதில், போலி அதிகாரிகளிடம் இரண்டு நாள் ஸ்கைப்பில் "டிஜிட்டல் அரெஸ்ட்" ஆகி ஏழு கோடியைக் கொடுத்தார். அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் விசாரணையே நடத்தினான். வழக்கு எடுத்த கையோடு விசாரணை, கையோடு வாட்ஸாப்பில் உத்தரவு. இந்த வேகம் ஒன்று போதாதா, அது நம் நாட்டு நீதிமன்றம் இல்லை என்று கண்டுபிடிக்க? அவர் பணத்தில் ஐந்து கோடிக்கு மேல் போலீஸ் மீட்டது. ஆக, மனம் வைத்தால் மீட்க முடிகிறது. ஏழு கோடிக்கு ஓடிய கால் பாட்டியின் ஏழு லட்சத்துக்கு ஓடுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமர் வானொலியில் சொன்னார். சரிதான். சட்டத்தில் இல்லாததையெல்லாம் அதிகாரிகள் செய்வதை எழுபது வருடமாகப் பார்த்தவர்களிடம் சொன்னார். பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் கைகட்டி நின்ற தலைமுறை இது. காக்கியைக் கண்டதும் எழுந்து நிற்கவும், எதிர்க்கேள்வி கேட்காமலிருக்கவும் அவர்களைப் பழக்கியது கம்போடியாவிலும் மியான்மரிலும் முகாம் போட்டிருக்கும் கும்பலா? திருடன் போட்ட முதலீடு ஒரு காக்கிச் சட்டைதான். மீதி முதலீட்டை அரசாங்கம் எப்போதோ போட்டு வைத்துவிட்டது.

பிறகு வந்தது காலர் ட்யூன். இந்தியில் அமிதாப் பச்சனே எச்சரித்தார். ஒரு சின்ன விஷயம்: அது கூப்பிடுகிறவர் காதில்தான் ஒலிக்கும். பாட்டி மருத்துவருக்கு ஃபோன் அடித்தால் பாட்டி கேட்க வேண்டும். பாட்டிக்குத் திருடன் அடித்தால் திருடன் கேட்க வேண்டும். அவனோ வாட்ஸாப்பில் வருகிறான், அவனுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. 2025 ஜூனில் அதை நிறுத்தினார்கள். மோசடி நிற்கவில்லை. அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்றத்தின் பேரிலேயே போலி உத்தரவு காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்த பிறகு, அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. டிசம்பரில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது.

இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அடித்தால் பணம் கைமாறுமுன் முடக்க வாய்ப்பு உண்டு. பாட்டி அடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவே நாலு நாள் ஆயிற்று. போலீஸை விட அவர் பயந்தது மகனுக்கு. அது நியாயமான பயம்தான் என்று மகன் நிரூபித்தான். "ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? பேப்பர் படிக்கிறதில்ல?" மாதம் ஒரு தடவை, சிக்னல் பிடிக்கிற இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறவன் அவன். அந்தத் திருடனோ இரண்டு நாள், இரவும் பகலும், பாட்டி தூங்கும்போதுகூட வீடியோவை அணைக்காமல் கூடவே இருந்தான்.

மகன் மூன்று நிமிடம் திட்டினான். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.