‘வருவானா?’ என்னும் வினா: போர்ட் கிள்ளான் மாமாக் கடை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

பத்தொன்பது வயது ஹாக்கி ஆட்டக்காரன் ஒருவனைத் தேசியப் பயிற்சி முகாமுக்கு அழைத்திருக்கிறார்கள் என்ற செய்தி நாளேட்டில் வந்தால் போதும், அன்று மாலையே போர்ட் கிள்ளானில் அவனுடைய எதிர்காலம் முடிவாகிவிடும். முடிவு செய்பவர்களுக்கும் மலேசிய ஹாக்கி சம்மேளனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெஸ்ட்போர்ட்டில் பகல் ஷிப்டு முடித்து வந்த இருவர், லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், கப்பல் முகவர் அலுவலகக் கிராணி ஒருவர், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், இவ்வளவுதான் அவை. களம், மாமாக் கடை. கருவி, தே தாரிக். இத்தனை ஆழமான அறிவுத்துறைக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் ஓர் இருக்கை கிடையாது. மாமாக் கடையில் பிளாஸ்டிக் இருக்கைகள் நிறைய உண்டு என்பதால் ஆய்வு அங்கேயே நிகழ்த்தப்பட்டது.

இத்துறையில் சமயங்கள் இரண்டு. ‘வருவான்’ என்பார் ஒரு சாரார். ‘வரமாட்டான்’ என்பார் மறு சாரார். எங்கே வருவான், எந்த ஆண்டுக்குள் வருவான் என்பதை இரு சாராரும் சொல்வதில்லை. சொன்னால் பிற்காலத்தில் பிடிபட நேரும் என்ற முன்னெச்சரிக்கை இரண்டுக்கும் பொது.

“கையப் பாத்தியா மச்சான்? பந்து ஸ்டிக்கோட ஒட்டிக்கிட்டுல்ல வருது!”

“கை இருக்கு லா. பந்த வுடத்தான் மனசு வரல. கூட பத்துப் பேரு ஆடுறாங்கன்னு அவனுக்கு யாராச்சும் சொல்லணும்.”

இருவர் பேசுவதும் கைப்பேசியில் வந்த ஒரே அரை நிமிடக் காணொளியைப் பற்றித்தான். ஒரே சூத்திரத்துக்கு இரு உரை எழுதி இரு மடம் கட்டிய நாட்டார் நாம் என்பதால் இதில் வியப்பில்லை.

மூன்றாவதாக ஒரு சமயம் உண்டு. ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கத் தவறியிருக்கிறார்கள். இதைச் சேர்ந்தவர் விவாதத்தின்போது வாய் திறப்பதில்லை. ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டு இரு பக்கத்துக்கும் தலையாட்டுவார். ஐந்து ஆண்டு கழித்துப் பையன் பேர் வாங்கினாலும் சரி, காணாமற் போனாலும் சரி, ‘நான் அன்னைக்கே சொன்னேன்’ என்பார். இதுவரை தோல்வியே காணாத சமயம் இது ஒன்றுதான்.

இனி அளவைகள். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் சைவ சித்தாந்திகள் வகுத்துத் தந்தபோது ஹாக்கியை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. காண்டல் என்பது மேற்சொன்ன அரை நிமிடம். கருதல் என்பது குலவழி: “அவன் மாமா ஸ்டேட்டுக்கு ஆடுனவரு, ரத்தத்துல இருக்கு.” மாமா எந்த இடத்தில் ஆடினார், எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற துணைவினாக்களுக்கு இடமில்லை. உரை என்பது ‘உள்ளே இருக்கும் ஆள்’ சொன்னது. உள்ளே இருக்கும் ஆள் யார் என்று துருவினால், பயிற்சிக்குழுவைப் பேருந்தில் ஏற்றிச் சென்ற ஒருவரின் மைத்துனரிடம் போய் முடியும்.

இம்மூன்றும் தீர்ந்தபின் நான்காவதாக ஓர் அளவை எடுத்து வைக்கப்படும். வேறெந்த நாட்டுத் தருக்க நூலிலும் இல்லாத அதன் பெயர் 1975.

அந்த ஆண்டு மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியா அரையிறுதியில் இந்தியாவை வீட்டுக்கு அனுப்பும் நிலையில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் அஸ்லம் ஷேர் கான் ஒரு பெனால்டி கார்னரில் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஹர்சரண் சிங் அடித்தார். 3-2. இந்தியா இறுதியில் பாகிஸ்தானை வென்று கிண்ணத்தைக் கொண்டு போனது. மலேசியாவுக்கு நான்காம் இடம். இன்றுவரை உலகக் கிண்ணத்தில் நம் உச்சம் அதுதான். அன்று மெர்டேக்கா அரங்கில் இருந்ததாகப் போர்ட் கிள்ளானில் சத்தியம் செய்வோரை மட்டும் திரட்டினாலே அரங்கு நிரம்பி வெளியே வரிசை நிற்கும். சிலர் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அதை ஒரு குறையாகக் கொள்ளலாகாது. முற்பிறவி அனுபவத்தையும் சான்றாக ஏற்கும் மரபு நம்முடையது.

இந்த அளவையின் சிறப்பு, எந்த இளைஞனும் இதில் தேற முடியாது என்பது. அந்த 1975 குழு ஆடியது புல்லில். அடுத்த ஆண்டே, 1976 மொன்ட்ரியால் ஒலிம்பிக்கில், ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. பந்து ஓடும் வேகம் மாறியது, ஸ்டிக் பிடிக்கும் விதம் மாறியது. பள்ளித் திடலும் தோட்டத்துத் திடலும் இருந்தால் போதும் என்ற காலம் போய், பெரும் பணம் போட்டுத் தரை விரித்த இடத்துக்குப் பிள்ளையை யார் ஏற்றிப் போவது என்ற கேள்வி வந்தது. இந்தியப் பெயர்கள் மலேசியக் குழுப்பட்டியலில் குறைந்ததற்கு ரத்தத்தைவிட இந்தப் போக்குவரத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் துணிபு. மாமாக் கடையில் இதைச் சொன்னால், “அதெல்லாம் இல்ல தம்பி, இப்ப உள்ளவனுக்குப் பசி இல்ல” என்ற பதில் வரும். சொல்பவர் அப்போதுதான் இரண்டாவது ரொட்டிக்குக் குரல் கொடுத்திருப்பார்.

ஒப்பீட்டுக்காகக் கனடாவுக்குப் போவோம். அங்கே ஆடுவது பனி ஹாக்கி. கிள்ளானில் பனிக்கட்டி என்றால் ஐஸ் கச்சாங்தான் என்றாலும், பதினெட்டு வயதுப் பையனை முன்கூட்டியே கணிக்கும் கலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நாம் தே தாரிக் வைத்துச் செய்வதை அவர்கள் ஒற்றர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்கிறார்கள். உலகத்து இளைஞர்களையெல்லாம் வரிசை எண் போட்டு, வட அமெரிக்கத் தேசிய ஹாக்கி லீக்கின் குழுக்கள் ஆண்டுதோறும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கின்றன. நம் பக்கத்தில் இதற்கு நெருங்கியது இந்திய ஹாக்கி லீக் ஏலம். 2024 அக்டோபரில் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா குழு 78 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. ஆனால் ஏலத்தில் விலை போவது பெரும்பாலும் செய்து காட்டியவன். கனடா வழக்கத்தில் விலை போவது செய்யப்போகிறவன். ‘வருவானா’ என்னும் வினா தூய வடிவில் வாழ்வது அங்கேதான்.

1998இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் குழு ஏழாவது ஆளாக மேனி மல்ஹோத்ராவை எடுத்தது. தந்தை வழியில் இந்தியர். ஏழாம் எண் என்றால் கோல் மழை பொழிய வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவர் பொழியவில்லை. 991 ஆட்டங்களில் 116 கோல். வரமாட்டான் மதத்தார் அத்துடன் ஏட்டைக் கட்டிவிட்டார்கள். ஆனால் அந்த 991 என்ற எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோல் அடிக்காத ஒருவனை ஆயிரம் ஆட்டத்துக்குப் பக்கத்தில் எந்த முதலாளி தருமத்துக்கு வைத்திருப்பான்? பந்துக்குப் பதில் அங்கே வட்டு. அதை நடுவர் கீழே போடும்போது கைப்பற்றுவது, எதிரணியின் பெரிய ஆளைக் கட்டிப்போடுவது என்று கண்ணுக்குத் தெரியாத வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். அதே 1998 வரிசையில் 171ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் பாவெல் தாட்சுக். அவரைப் பற்றி அன்று எந்த மேசையும் விவாதிக்கவில்லை. டெட்ராய்ட் குழுவுடன் இரண்டு முறை ஸ்டான்லி கிண்ணம் தூக்கினார்.

கதை அதோடு முடியவில்லை. மல்ஹோத்ரா பயிற்றுநரானார். 2025இல் அவருடைய அபோட்ஸ்ஃபோர்ட் குழு, பெரிய லீக்குக்கு அடுத்த நிலைப் போட்டியான கால்டர் கிண்ணத்தை வென்றது. அக்குழுவில் அர்ஷ்தீப் பெய்ன்ஸ் என்றொரு பஞ்சாபி இளைஞர் இருந்தார். அவரை வரிசையில் யாருமே எடுக்கவில்லை. 171ஆம் எண் கூடக் கிடைக்கவில்லை.

இங்கே நம் துறைமுகத்தின் நடைமுறை ஒன்றை நினைவூட்டுவது தகும். 2016 ஜூலை முதல், எடையைச் சரிபார்த்து எழுதிக் கொடுக்காத கண்டேனரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகச் சட்டம். பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்து, “இருவது டன் இருக்கும் லா” என்று எவரும் ஏற்றிவிட முடியாது, கப்பல் சாய்ந்துவிடும். பகல் முழுக்க இந்தச் சட்டத்தோடு மாரடித்துவிட்டு வரும் அதே ஆள்தான், மாலையில் ஒரு பையனின் எடையைக் கண்ணாலேயே நிறுத்துச் சொல்கிறார்.

தராசே கோணல் என்பதற்கும் சான்று உண்டு. 1980களில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலர் கனடா ஹாக்கி இளைஞர்களின் பிறந்த தேதிகளை அடுக்கிப் பார்த்தார். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே கூட்டமாக நின்றார்கள். வயது வரம்பு ஜனவரி 1இல் வெட்டப்படுகிறது. ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓர் ஆண்டு வளர்த்தி வேறுபாடு. பத்து வயதில் அந்த ஓர் ஆண்டைத்தான் ‘திறமை’ என்று எழுதி வைக்கிறார்கள். பிற்பாதியில் பிறந்தவர்கள் தங்களுக்குக் கிடைத்த வரிசை எண்ணைவிட மேலாகவே ஆடினார்கள் என்று 2013இல் இன்னோர் ஆய்வு காட்டியது. தாட்சுக் ஜூலையில் பிறந்தவர் என்று இங்கே போட்டு உடைக்க ஆசைதான். ஓர் ஆளை வைத்து விதி செய்வது மாமாக் கடை முறை என்பதால் தவிர்க்கிறேன்.

நம் ஊர் எடுத்துக்காட்டுக்கு வருவோம். மேசை விவாதங்களில் கோல் காவலன் பற்றி ‘வருவானா’ என்ற கேள்வி எழுந்து நான் கேட்டதில்லை. முன்கள ஆட்டக்காரனுக்கே அந்த வினா உரியது. காவலன் வலையைப் போல, கம்பத்தைப் போல, அங்கேயே இருப்பவன். தம்பினைச் சேர்ந்த குமார் சுப்பிரமணியம் அப்படி 300 அனைத்துலக ஆட்டங்களுக்கு மேல் அங்கேயே இருந்தார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் அரையிறுதியில் இந்தியாவைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் 7-6 என்று வீழ்த்தியபோது கம்பங்களுக்கு நடுவே நின்றவருக்கு வயது 38. இறுதியில் ஜப்பானிடம் 6-5 என முன்னணியில் இருந்து, கடைசி நிமிடத்தில் சமன் கொடுத்து, ஷூட்-அவுட்டில் தோற்றோம். வென்றிருந்தால் தோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரே போயிருக்கலாம். 2000 சிட்னிக்குப் பிறகு நம் ஆண்கள் அந்த வாசலை மிதிக்கவில்லை. “குமாருக்கு வயசாயிடுச்சு” என்றது மேசை. பதினெட்டில் கேட்க மறந்ததை முப்பத்தெட்டில் கேட்டார்கள்.

தன்ராஜ் பிள்ளை வழக்கு இன்னும் சிக்கல். புனே பக்கத்துக் கட்கியில் பிறந்த தமிழர். மலேசியக் குழுக்களுக்கும் ஆடியவர் என்பதால் நம் மேசைகள் அவரைச் சொந்தக்காரராகவே நடத்துகின்றன. நான்கு ஒலிம்பிக் ஆடினார். ஒரு பதக்கமும் இல்லை. எதிர்பார்ப்பை நிறைவேற்றினாரா? நிறைவேற்றினார் என்று வருவான் மதம் மேசையைத் தட்டும். பதக்கத்தைக் காட்டு என்று மறுதரப்பு கை நீட்டும். நெருங்கிப் பார்த்தால் எதிர்பார்ப்பு முழுக்க உட்கார்ந்திருப்பவர் பெயரில் இருக்கிறது. கடன்பத்திரம் மட்டும் ஓடுகிறவன் பெயரில். கையெழுத்து அவனிடம் யாரும் வாங்கவில்லை.

ஆகவே இவ்வாய்வின் தீர்ப்பு: முகாமுக்கு அழைக்கப்பட்ட அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் வருவானா என்பது இப்போதைக்குத் தள்ளுபடி. இருபத்து மூன்று வயதுக்கு முன் வழக்கை யாரும் மறுபடி எடுத்து வர வேண்டாம். அதுவரை வழக்காடியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பண்டமாரானில் ஹாக்கி அரங்கு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் ஆடும் நாளில் போய், பந்து இல்லாத நேரத்தில் ஒரு பையன் எங்கே ஓடுகிறான் என்று ஓர் ஆட்டம் முழுக்கப் பாருங்கள். அனைத்துலக ஆட்டமே பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதிதான். மாமாக் கடையில் நீங்கள் உட்காரும் நேரத்தில் பாதி கூட ஆகாது. தே தாரிக்கைப் புங்குஸ் பண்ணி எடுத்துப் போகலாம்.