மீன் குழம்பு: திருத்திய செய்முறை

பழைய செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஊர் வகுத்த பாடு முறைப்படி, தன் பங்கு வந்த அன்று பழவேற்காடு ஏரியில் பிடித்த மடவை, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், மண்சட்டி. இரவில் வைத்துக் காலையில் பழைய சோற்றுக்கு ஊற்றினால், மருமகள்கூட மாமியாரைப் புகழ்ந்துவிடுவாள்.

ஏரிக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளிக்கு இப்போது திருத்திய முறை வந்திருக்கிறது. உப்பு தனியாகப் போட வேண்டாம். 2010இல் வந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீரைச் சென்னைக்கு என எடுத்துக்கொண்டு, மிச்ச உப்பை நம் கடலுக்கே தாராளமாகத் தருகிறது. மசாலாவுக்குக் கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் விடும் சுடுநீரில் மீன் உயிரோடு இருக்கும்போதே அரைவேக்காடு ஆகிவிடும், விறகு மிச்சம். சட்டிதான் சிறியதாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக்கத் திட்டம் போட்டார்கள்.

நண்டு சேர்க்கலாமா? நல்ல நண்டெல்லாம் சிங்கப்பூர் போய்விட்டது. மீன்? கிடைத்தால் சேர்க்கலாம், கட்டாயமில்லை. கிடைக்காதவர்கள் சென்னைக்குப் போனால், குளிரூட்டிய உணவகத்தில் 'மீனவர் வீட்டுக் கைப்பக்குவம்' கிடைக்கும். வரி தனி.