எஞ்சினைச் சுற்றி நிற்போர்: ஒரு பரபக்கம்

ஓட மறுக்கும் சிறு எஞ்சினின் கோளாற்றை ஆராயப் புகும் எவரும், பிறர் கொள்கைகளை எடுத்துக் கூறி மறுக்கும் பரபக்கத்தை முதலிலும், தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்தைப் பின்னரும் வைத்த சைவ சித்தாந்த ஆசிரியர் அருணந்தி சிவாச்சாரியாரின் முறையைப் பின்பற்றுவதே நலம். ஏனெனில் நின்றுபோன எஞ்சினை நெருங்குவதற்கு முன்னர் அதைச் சுற்றி நிற்கும் கொள்கையாளர்களைக் கடந்தாக வேண்டியிருக்கிறது. சாலையோரத்தில் அடங்கிப்போன ஒரு மொபெட்டின் அருகே இந்த வாரமும் அத்தகையோர் கூடி, ஸ்பேனர் பிடித்திருந்தவரின் கைமீது வெளிச்சமே விழாதபடி நின்று நெடுநேரம் வாதிட்டனர் என்பதையும், அதனால் விளைந்த எரிச்சல் இன்னும் ஆறாததால் இவ்வாராய்ச்சியின் நடுநிலை ஆங்காங்கே பிறழக்கூடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறையாகும். எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை பெட்ரோல், தீப்பொறி, கம்ப்ரஷன் எனப்படும் அழுத்தம் ஆகிய மூன்றே. இம்மூன்றையும் வரிசையாகச் சோதிக்கும் முறை சுபக்கத்தில் விளக்கப்படும்.

ஆய்வுக்குத் தகுந்த பொருளாக இங்கே கொள்ளப்படுவது உராய்வு உருளையால் ஓடும் மிதிவண்டி, அதாவது எஞ்சினின் விசை சங்கிலி வழியாகச் சக்கரத்தை அடையாமல், ஓர் உருளை டயரின் மேல் அழுந்திச் சுழல்வதால் நேரே சக்கரத்தை அடையும் வண்டியாகும். பிரிட்டனின் மினி மோட்டார் பின்சக்கரத்தின் மேல் அமர்ந்தது. பிரான்சில் 1946-இல் விற்பனைக்கு வந்து 1988 வரை அங்கே தயாரிக்கப்பட்ட வெலோசொலெக்ஸ் முன்சக்கரத்தின் மேல் அமர்ந்தது. முதலில் 45 சி.சி.யும் பின்னர் 49 சி.சி.யும் கொண்டிருந்த இந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் உருளை, சாணைக்கல்லுக்குப் பயன்படும் கார்பொரண்டத்தால் ஆனது; எனவே வண்டி ஓடும் நேரமெல்லாம் அது தன் டயரைத் தானே சாணை பிடித்துக்கொண்டிருந்தது. 1958-இல் வெளிவந்த ‘மோன் ஓங்கிள்’ படத்தில் ழாக் தாத்தி ஏறிச் செல்வது இவ்வண்டிதான். ஒரு நெம்புகோலைப் பிடித்து எஞ்சினை டயரிலிருந்து தூக்கி மாட்டிவிட்டால் சாதாரண சைக்கிளாக மிதித்து வீடு போய்ச் சேரலாம் என்பது இதன் தனிச்சிறப்பு; ஆலோசனை கூறுவோரிடமிருந்து தப்பும் வழியைப் பொறியியலிலேயே சேர்த்து வைத்த வண்டிகள் உலகில் மிகக் குறைவு.

இனிப் பரபக்கம். கொள்கையாளர்களுள் முதல்வர் பிளக் வாதியார். “பிளக்கை மாத்திப் பாத்தீங்களா?” என்பதே இவர் கொள்கையின் முதலும் முடிவும் ஆகும். தீப்பொறி எழும் முனையாகிய பிளக், உண்மையில் ஒரு நல்ல சாட்சி. அது கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை என்பதையும், வெளுத்து உலர்ந்திருந்தால் பெட்ரோல் குறைவாகவோ காற்று மிகுதியாகவோ செல்கிறது என்பதையும் கூறவல்லது. ஆனால் பிளக் வாதியார் அதைக் கழற்றிய கணமே, ஒரு பார்வையும் பாராமல், வேட்டி ஓரத்தில் அழுந்தத் துடைத்துவிட்டு, “கார்பன் அடிச்சிருக்கு” என்று தீர்ப்புச் சொல்கிறார். சாட்சியின் வாயைக் கட்டிய பிறகு வழக்கு விசாரணை தொடங்குகிறது.

இரண்டாமவர் கார்புரேட்டர் வாதியார். தொண்டர் பலம் மிகுந்தவர் இவரே என்பதால் இவரைச் சற்று விரிவாக மறுக்க வேண்டும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் கார்புரேட்டரில், ஜெட் எனப்படும் ஊசித்துளை கொண்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு உள்ளது. இவர் அதைக் கழற்றி, இரு விரல்களுக்கிடையே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்து, உதட்டில் வைத்து ஊதி, மீண்டும் வானத்தைப் பார்த்து, ஏதோ தெரிந்ததுபோல் தலையசைக்கிறார். என்ன தெரிந்தது என்று கேட்பது மரியாதை ஆகாது. பின்னர், பெட்ரோலின் மட்டத்தைக் காக்கும் மிதவை சிக்கியிருக்கும் என்று கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். வெலோசொலெக்ஸிலோ மிதவையே கிடையாது. எஞ்சினுக்குள் எழும் அழுத்த மாறுதலால் துடிக்கும் ஒரு மெல்லிய சவ்வு பெட்ரோலை மேலேற்ற, மிஞ்சியது தொட்டிக்கே திரும்பி வழிகிறது. வண்டியைச் செய்த சொலெக்ஸ் நிறுவனம் கார்புரேட்டர் செய்து பெயர் பெற்ற பிறகே வண்டி செய்யப் புகுந்தது என்பதையும், ஆகவே அவ்வண்டியில் முதலில் ஐயுற வேண்டாத உறுப்பு ஒன்று உண்டென்றால் அது கார்புரேட்டரே என்பதையும் எடுத்துக் காட்டினால், “எல்லா வண்டியும் ஒண்ணுதாங்க” என்ற விடை கிடைக்கும்.

இக்கொள்கை அழியாமல் நிலைப்பதற்குக் காரணம், அது சில வேளைகளில் பலிப்பதுதான். தொட்டியின் மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை உண்டு. அது அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது போகும். வண்டி சிறிது தொலைவு ஓடி நின்று, ஓய்வெடுத்து, மீண்டும் ஓடி மீண்டும் நிற்கும். கார்புரேட்டர் வாதியார் வந்ததும், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறக்கிறார். அப்போதே நோய் தீர்ந்துவிட்டது. அதை அறியாமல் அவர் ஜெட்டைக் கழற்றி ஊதி மாட்டுகிறார், எஞ்சின் உடனே கிளம்புகிறது, கூட்டம் வியக்கிறது, வாழ்நாள் முழுமைக்கும் ஒரு கொள்கை உறுதிப்படுகிறது. அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தெருக்கோடியில் வண்டி மீண்டும் நின்றுபோவதை எவரும் அவரிடம் போய்ச் சொல்வதில்லை.

மூன்றாமவர் கலப்பட வாதியார். “எந்த பங்க்ல போட்டீங்க?” என்று வினவி, எந்தப் பெயரைச் சொன்னாலும் உச்சுக் கொட்டுபவர் இவர். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்தே ஊற்ற வேண்டியிருப்பதால், எண்ணெய் மிகுந்தது என்றும் குறைந்தது என்றும் ஒரே மூச்சில் குற்றம் சாட்டும் வாய்ப்பு இவருக்கு இயல்பாகவே அமைகிறது. பிரான்சில் சொலெக்ஸீன் என்ற பெயரில் எண்ணெய் சேர்த்த பெட்ரோலே ஆயத்தமாக விற்கப்பட்டது. எஞ்சினுக்கு அதனால் விளைந்த நன்மையைக் காட்டிலும், இத்தகையோரின் வாயை அடைத்த நன்மை பெரிதாக இருந்திருக்க வேண்டும். நான்காமவர் விற்பனை வாதியார். இவர் எதையும் கழற்றாமல், “வித்துருங்க சார்” என்று மட்டும் கூறுவதால் நால்வருள் எஞ்சினுக்குத் தீங்கு செய்யாதவர் இவர் ஒருவரே ஆவார். கையில் கிரீஸ் படாமல் எழுத்தின் வழியாகவே அறிவுரை வழங்கும் ஐந்தாம் வகையும் ஒன்று உண்டு. அதற்குரிய சான்றை வாசகர் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்.

சுபக்கத்துக்கு எஞ்சியுள்ள இடம் சிறிதாகிவிட்டதால், உருளை வண்டிக்கே உரிய ஓர் உண்மையை மட்டும் நிறுவுவது போதுமானது. இவ்வண்டியில் எஞ்சினின் கோளாறு என்று சொல்லப்படுபவற்றுள் பல எஞ்சினில் இல்லை. உருளையும் டயரும் தொடும் இடத்தில் உள்ளன. எஞ்சின் உறுமியும் வண்டி நகரவில்லை என்றால், மழைநீரோ எண்ணெய்க் கசிவோ டயர்த் தேய்மானமோ உருளையை வழுக்கச் செய்கிறது. இழுவையின்றித் திணறுகிறது என்றால், காற்றுக் குறைந்த டயருக்குள் உருளை அமிழ்ந்து, ரப்பரைப் பிசைவதிலேயே விசையெல்லாம் வீணாகிறது. எஞ்சினைத் தூக்கி மாட்டிவிட்டு மிதித்துப் பார்க்கையில் அப்போதும் வண்டி கனமாகவே ஓடினால், பிரேக் உரசுகிறது அல்லது சக்கரம் இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் கார்புரேட்டர் பொறுப்பாகாது.

இவ்வளவு எளிய சோதனையை எந்த வாதியாரும் செய்யாததன் காரணமும் எளியதே. டயரை விரலால் அழுத்திப் பார்ப்பதில் புலமையைக் காட்ட இடமில்லை. கழற்றுவதற்கு ஒன்றும் இல்லை. வானத்தைப் பார்த்து ஊதுவதற்கும் ஒன்றும் இல்லை. காற்றடிப்பது சைக்கிள் கடைப் பையனின் வேலை என்று கருதப்படுவதால், அதைச் சொல்லி எவரும் மேதை எனப் பெயர் எடுத்ததில்லை.

பெட்ரோல், தீப்பொறி, அழுத்தம் ஆகிய மூன்றையும் சோதிக்கும் முறை விளக்கப்படும் என்று முன்னர்க் கூறப்பட்டது. அவற்றுக்குரிய இடத்தைப் பரபக்கத்தார் வழக்கம்போல் எடுத்துக்கொண்டனர். ஆதலின் வாசகர்க்கு ஒரு வேண்டுகோள் மட்டும் எஞ்சுகிறது: நின்றுபோன வண்டியை நெருங்க விரும்புவோர் கையில் காற்றடிக்கும் பம்ப்புடன் வருக, பம்ப் இல்லாதோர் தம் வழியே நடந்து செல்க.