ரெக்கார்டு நோட்டும் மூன்றாவது நார்மும்

1980களின் கடைசியில் நான் சென்னையில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். போட்டிக்குக் கிளம்பும்போது என் பையில் சதுரங்கப் பலகைக்கு அடியில் ரெக்கார்டு நோட்டும் போகும். ஓய்வு நாளில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போனால், நான் அறையில் உட்கார்ந்து ஸ்பெக்ட்ரோமீட்டர் படம் வரைவேன். முடியாத ஆட்டத்தை அப்போதெல்லாம் ஒத்திவைப்பார்கள். அடுத்த நகர்வை எழுதி, உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்துவிட்டு இரவெல்லாம் அந்த நிலையை அலசுவோம். காலையில் அதை ஆடி முடித்து, மாலை ரயிலைப் பிடித்து, மறுநாள் செய்முறைத் தேர்வுக்குப் போய் நின்றதும் உண்டு.

எங்களுக்கு நம்பிக்கை தர அதே ஊரில் ஒருவர் இருந்தார். லயோலாவில் பி.காம். படித்த விஸ்வநாதன் ஆனந்த் 1987-இல் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார்; 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆனாலும் எங்கள் கல்லூரியில் கால்பந்துக்காரனுக்குக் கேட்டதும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைக்கும். சதுரங்கத்துக்கு விண்ணப்பத்தோடு விளக்கமும் எழுத வேண்டும். 75 சதவீத வருகை இல்லாமல் காண்டோனேஷன் கட்டணம் கட்டித்தான் தேர்வு எழுதினேன்.

ஆட்டத்தைக் கற்கவும் அலைய வேண்டியிருந்தது. ஆழ்வார்பேட்டையில் சோவியத் கலாச்சார மையத்தில் இயங்கிய தால் சதுரங்க மன்றம்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். பெல்கிரேடில் அச்சாகும் 'இன்ஃபார்மன்ட்' தொகுதி யாரிடமாவது ஒன்று வந்து சேரும். அதிலுள்ள ஆட்டங்களை நோட்டில் கையால் எழுதி எடுத்துக்கொள்வோம்.

வகுப்பில் எனக்காக கார்பன் பேப்பர் வைத்துப் பாடக்குறிப்பு எழுதிய நண்பனுக்குக் குதிரை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது. தோற்றுத் திரும்பும்போது அவன் ஸ்கோரைக் கேட்க மாட்டான். "அந்த ஊர்ல சாப்பாடு எப்படிடா?" என்பான். கேன்டீனில் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்தால் போதும், கடைசிச் சுற்றில் விட்ட சிப்பாய் மனதை விட்டு இறங்கிவிடும். அடுத்த போட்டிக்கு என்னைத் தேற்றி அனுப்பியவன் அவன்தான் என்று இன்றும் நம்புகிறேன்.

"இது படிப்பைக் கெடுத்துடும்" என்று அப்பா பயந்துகொண்டே இருந்தார். எனக்கு வங்கி வேலை கிடைத்ததோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில்.

இப்போது அக்கா மகன் ஆடுகிறான். இருபது வயது, இன்டர்நேஷனல் மாஸ்டர். கிராண்ட்மாஸ்டர் நார்ம் இரண்டு கையில் இருக்கிறது. பட்டத்துக்கு இன்னும் ஒன்று வேண்டும். ஒரு நார்முக்குக் குறைந்தது ஒன்பது சுற்று ஆடி, 2600 அளவுக்கு ஆட்டத்தரம் காட்ட வேண்டும்; எதிரே உட்காருபவர்களில் மூவராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும். அதற்காகத்தான் செர்பியா, ஸ்பெயின் என்று அலைகிறான். கல்லூரி அவனிடம் கட்டணம் வாங்குவதில்லை. வாசலில் அவன் படத்தோடு பேனர் தொங்குகிறது. வருகைப் பதிவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தன் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது என்பது போன செமஸ்டர் வரை அவனுக்குத் தெரியாது.

"டிகிரி எங்கடா ஓடிப்போகுது? கரஸ்ல முடிச்சுக்கலாம். இப்போ காலேஜ் போனா ஆட்டம் கெட்டுடும்" என்கிறாள் அக்கா. அப்பாவின் பயத்தை அவள் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறாள். நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்ட குகேஷ் 2024 டிசம்பரில், பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனதை அவள் சொல்லாத நாளில்லை. அன்று நானும் கண் கலங்கியவன்தான். குகேஷ் போன வழி அவருக்குச் சரி. ஆனால் நாட்டில் எண்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் இருக்கிறார்கள் என்றால், ஒரு நார்ம், இரண்டு நார்மோடு நிற்கும் பிள்ளைகள் அதைவிட எத்தனையோ மடங்கு. அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

போன முறை வெளிநாட்டிலிருந்து தோற்று வந்தவன் என்னிடம் கேட்டான்: "மாமா, நீங்க தோத்தா யாருகூடப் பேசுவீங்க?" அவனுக்குக் கோச் இருக்கிறார். அவன் செய்த தவறை நொடியில் காட்டும் கணினி இருக்கிறது. தரப்புள்ளியை மனப்பாடமாக வைத்திருக்கும் அம்மா இருக்கிறாள். எல்லாரும் அந்த அறுபத்து நான்கு கட்டத்துக்குள்ளேயே நிற்கிறார்கள். நான் கார்பன் பேப்பர் நண்பனைப் பற்றிச் சொன்னேன். அன்றே அக்காவிடமும் சண்டை போட்டேன்.

இந்த செமஸ்டர், ஊரில் இருக்கும் வாரங்களில் வகுப்புக்குப் போகிறான். இறுதியாண்டு புராஜெக்டில் மூன்று பையன்கள் அவனைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அறிக்கையின் முதல் இரண்டு அத்தியாயங்கள் அவன் பொறுப்பு. செர்பியா கிளம்புவதற்கு முன் முடித்துத் தர வேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்களாம். அக்காவுக்குக் கோபம் தணியவில்லை. மூன்றாவது நார்ம் தள்ளிப்போனால் என்னைத்தான் கேட்பாள். கேட்கட்டும்.