அஞ்சு பாட் கணக்கு

வாங்க மருமகன், இந்தப் பாயில இரிங்க. உங்கட முகத்தப் பார்த்தா விளைஞ்ச வட்டைக்குள்ள யானை இறங்கின மாதிரி இரிக்கு. கதையெல்லாம் எனக்கு எட்டிட்டுது. சொறிக்கல்முனையில ஒரு குசினியில பேசினது, கோயில் மணி அடிக்கமுன்னம் மற்றக் குசினிக்குப் போயிரும்.

பேரன் துபாயில ஹோட்டல் வேலைக்குப் போனான். பக்கத்து அடுப்பில ஒரு தாய்லாந்துப் புள்ள. மறுகா என்ன, ரெண்டு அடுப்பு ஒரு அடுப்பாயிட்டுது. இதுக்குப் போய் மூண்டு நாளாச் சோறு தின்னாம இரிக்கிறீங்களாமே? பொண்ணால வந்த கவலை இல்ல, பொன்னால வந்த கவலை எண்டு என்ட மகள் சொல்றாள்.

அந்தக் கலியாணக் காட்டை இஞ்ச தாங்க பார்ப்பம். 2569 நவம்பர் எண்டு போட்டிரிக்கு. எனக்கு எழுபத்தெட்டு வயசு. இன்னும் ஐந்நூத்துச் சொச்சம் வருசம் கிடந்தாத்தான் இந்தக் கலியாணத்தில ஒரு வாய் திங்கலாமோ எண்டு பயந்து போனன். அது அவங்கட புத்த ஆண்டு. நம்மட வருசத்தோட 543ஐக் கூட்டினாச் சரி. மழைக்காலத்தில பிக்குமார் விகாரையோட தங்கிற நோன்பு ஒக்டோபரில முடியுது. அதுக்குள்ள கலியாணம் வைக்க விரும்பமாட்டாங்க, அதான் நவம்பர். “எனக்கு அது விதைப்பு நேரம், வரேலாது” எண்டு சாட்டுச் சொல்லிப்போடாதீங்க. நீங்க வரம்பில நிண்டு விதைப்புப் பார்த்த அழகு எனக்கும் தெரியும், வயல் பார்க்கிற முல்லைக்காரனுக்கும் தெரியும்.

இனி அந்த அஞ்சு பாட் கதைக்கு வருவம். பொண்ணுட ஆக்கள் “அஞ்சு பாட் போட்டாக் காணும்” எண்டு சொன்ன அண்டைக்கு, சவளக்கடைச் சந்தியில நிண்டு நீங்க சிரிச்ச சிரிப்பு எனக்கு இஞ்ச கேட்டது. ஒரு பாட் ஒம்பது ரூபாக்குக் கூடக்குறைய. அஞ்சு பாட் நாப்பத்தஞ்சு ரூபா. ஒரு பிளேன்டீயும் ஏதும் கடிக்கிற சாமானும். “மருமகள் மலிவு” எண்டு தேத்தண்ணிக் கடையில நாலு பேருக்கு வடையும் வாங்கிக் குடுத்தீங்களாம்.

என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா அந்த வடைக்காசாவது மிஞ்சியிரிக்கும். கல்முனைக்குடியில எனக்கொரு கூட்டாளிக் காக்கா. முந்தி பாங்கொக்குக்குப் போய் உடுப்பு மூட்டை கட்டிவந்து கல்முனை பசாரில வித்தவர். அவர் அண்டைக்கே சொன்னவர், அங்க பாட் எண்டது காசுக்கும் பேர், தங்கத்தின்ட நிறைக்கும் அதே பேர் எண்டு. நகையெண்டா ஒரு பாட் 15 கிராமுக்குக் கொஞ்சம் கூட. நம்மட பவுண் 8 கிராம். அப்ப அவங்கட ஒரு பாட் நம்மட ரெண்டு பவுணைத் தொடும். அஞ்சு பாட் எவ்வளவு? ஒம்பதரைப் பவுண், மருமகன். இனிச் சிரிங்க பார்ப்பம்.

அதுக்கு மேலால ரொக்கமும் இரிக்கு. “சின் சொட்” எண்டு பேர். வளர்த்த தாய்க்குப் பால் குடுத்த கூலி எண்டு அதுக்கு ஒரு நியாயமும் சொல்லுவாங்க. மறைச்சுக் கைமாத்தமாட்டாங்க. சபை நடுவில துணி விரிச்சு, காசையும் நகையையும் எல்லாரும் பார்க்க அடுக்கி, எள்ளு, அரிசி, பயறு, பூ தூவி, மறுகா பொண்ணுட தாய் அதை அப்பிடியே முடிஞ்சு தோளில தூக்குவாள். தூக்கேக்க தள்ளாடுவாள். பாரம் தாங்கேலாதாம்! உள்ளுக்குக் கிடக்கிறது நாலு கட்டு நோட்டு. அவள் நடக்கிற நடை, களவெட்டியில இருந்து நெல்லுமூட்டை சுமக்கிற மாதிரி இரிக்கும். அப்பிடி நடிச்சாத்தான் காசு பெருகுமாம். முன்வரிசையில இருந்து உங்கட காசு ஆடி ஆடி உள்ளுக்குப் போறதப் பார்க்கேக்க, முகத்தில சிரிப்பு இரிக்கணும். இப்பவே கண்ணாடி முன்னால பழகுங்க.

கன இடத்தில சடங்கு முடிய அந்தக் காசைப் புள்ளையளிட்டயே திருப்பிக் குடுத்திருவாங்க. அதைக் கேட்டு வைக்கலாம். ஆனா நீங்க கேட்கப்படாது. உங்கட வாய்க்கு அந்தப் பக்குவம் இல்ல. மகளைக் கொண்டு கேட்பியுங்க.

“மாப்பிள்ளை வீடு பொண்ணு வீட்டுக்குக் குடுக்கிறதா, உலகத்தில இப்பிடியும் ஒரு அநியாயமா” எண்டு நேத்துக் கேட்டீங்களாம். நல்ல கேள்வி. கல்முனை நொத்தாரிசு முன்னால இந்தக் கையாலதான் நான் கையெழுத்து வைச்சன்: கிணத்தோட இந்த வீடு, வளவுக்குள்ள பதினாலு தென்னை, மூண்டு ஏக்கர் வட்டை. நொத்தாரிசுக் கூலியும் என்ட மடியில இருந்துதான் போனது. நீங்க கொண்டு வந்தது ஒரு சூட்கேசு. பூட்டில்ல, கயித்தால கட்டியிரிந்தது. அண்டைக்கு அநியாயம் எண்டு ஒரு சொல்லு உங்கட வாயில வரல்ல. நானும் சொல்லல்ல. நம்மட பக்கம் தமிழரெண்டாலும் சோனகரெண்டாலும் பொம்புளப் புள்ளைக்கு வீடு கட்டிக் குடுத்துத்தான் இறக்கிறது. மாப்பிள்ளை வந்து குடியேறுறது. கட்டிக் கட்டியே முதுகு வளைஞ்ச வாப்பாமாரை நிந்தவூரிலும் பார்க்கலாம், அப்பாமாரை நம்மட ஊரிலும் பார்க்கலாம்.

அங்கயும் பழைய வழக்கம் அதுதான் எண்டு கேட்டா நம்புவீங்களா? இந்தப் புள்ள கோன் கேன் பக்கம். வடகிழக்குத் தாய்லாந்து, ஈசான் எண்டு சொல்லுவாங்க. நம்மளப்போல நெல்லுக்காரர். அங்கயும் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போய் இருக்கிறது. தாய்தகப்பன்ட வீடு கடைசி மகளுக்குப் போறது. ஒரு வித்தியாசம்தான்: வாற மாப்பிள்ளை கையை வீசிக்கொண்டு வரேலாது. உங்களுக்கு நோகிறது அந்த ஒரு இடம்.

சடங்கைப் பார்த்தீங்களெண்டா கண்ணைக் கசக்குவீங்க. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு “கான் மாக்” எண்டு பேர். கான் எண்டா கிண்ணம், மாக் எண்டா பாக்கு. நம்மட வெத்திலை வட்டா கப்பலேறிப் போய் அங்க நடக்குது எண்டு நினையுங்க. மேளத்தோட, ஹோ ஹோ எண்டு கத்திக்கொண்டு வருவாங்க. நம்மட பொண்டுகள் குரவை போடுற மாதிரி. வாசலில பொண்ணுட சொந்தக்காரர் சங்கிலியைக் குறுக்கால பிடிச்சு மறிப்பாங்க. வெள்ளிப் படலை, தங்கப் படலை எண்டு ஒவ்வொண்டுக்கும் ஒரு கடித உறை குடுத்தாத்தான் திறக்கும். சில்லறையா மாத்தி உறையில போட்டு வைச்சிரிங்க. கடைசியா வாழையிலை விரிச்ச கல்லில மாப்பிள்ளையை நிப்பாட்டி, பொண்ணுட தம்பி தங்கச்சி கால் கழுவுவாங்க. அதுக்கும் காசு. உங்கட காலைக் கழுவிப்போட்டு மோதிரத்துக்கு என்ட கடைசிப் பொடியன் மல்லுக்கட்டினது ஞாபகமிரிக்கா? “நாளைக்குத் தாறன்” எண்டு சொன்னீங்க. அவனுக்கு இப்ப ஐம்பது வயசாகுது.

மறுகா எல்லாரும் இருந்து புள்ளையள்ட மணிக்கட்டில வெள்ளை நூல் கட்டி வாழ்த்துவாங்க. அந்த வேலைக்கு நான் காணும். சுருக்கு முடிச்சு எனக்குக் கைவந்தது.

இந்தச் சம்பந்தம் புதிசெண்டு நினைக்காதீங்க. கண்டி ராசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், சயாமுக்கு ஆள் அனுப்பித்தான் உபாலி தேரரை வரவழைச்சவன். 1753ல அவங்க வந்து இறங்கினது திருகோணமலையில. சயாம் நிகாய எண்ட பேர் வந்த வழி அது. பாங்கொக் சீலோம் வீதியில தமிழாக்கள் கட்டின மாரியம்மன் கோயில் இரிக்கு, நூறு வருசத்துக்கு மேலாப் பழசு. ஆக, நம்ம பேரன் முதலாவது ஆளும் இல்ல, ஒண்டுமில்ல.

இனிப் பயணம். நீங்க விமானத்துக்குப் பயப்பிடுறீங்க எண்டு மகள் சொன்னாள். கேளுங்க: கல்முனையில இருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு முழு ராவு பஸ். கட்டுநாயக்காவில இருந்து பாங்கொக்குக்கு மூண்டரை மணித்தியாலம். நவம்பர் மழையில பயப்பிடவேண்டிய இடம் கிட்டங்கித் தாம்போதி. தண்ணி மேவிப் பாய்ஞ்சா மெசினில ஏறியோ தோணியில ஏறியோதான் அக்கரை. சூட்கேசைத் தலையில வைச்சுக்கொண்டு கிட்டங்கியக் கடந்தவனுக்கு ஆகாயம் ஒரு தூரமா?

எருமைத் தயிர்ச் சட்டியைக் கையில கொண்டுபோற யோசினையை விடுங்க. விமானத்துக்குள்ள கையில கொண்டுபோற திரவம் 100 மில்லிலீட்டருக்கு மேல விடமாட்டான், தயிரும் தண்ணி எண்டுதான் அவன்ட கணக்கு. “வெட்டித் திங்கலாம், பாருங்க” எண்டு நீங்க அகப்பையோட வாதாட, பின்னால வரிசை நிக்கும். மருதமுனைக் கைத்தறியில பொண்ணுட தாய்க்கு ஒரு சாரி, தகப்பனுக்கு ஒரு சாரம் எடுங்க. புளிக்காது.

2024 ஜூலையில இருந்து நம்மட பாஸ்போட்டுக்கும் விசா இல்லாம அறுபது நாள் விட்டவங்க. இதுகள் மாறுற சட்டம். டிக்கட் எடுக்கமுன்னம் தூதரகத்தில ஒருக்காக் கேளுங்க. போறதுக்கு மூண்டு நாளைக்குள்ள வருகைப் படிவத்தைப் போனிலயே நிரப்பணும். அது உங்கட சின்னவள்ட வேலை, நீங்க போனைத் தொடாதீங்க. பேரனுக்குத்தான் பெரிய கடுதாசி வேலை. கலியாணமாகாதவன் எண்டு பாங்கொக்கில இருக்கிற நம்மட தூதரகத்தில எழுத்தெடுத்து, தாய்லாந்து மொழியில மாத்தி, அவங்கட வெளிநாட்டமைச்சு முத்திரையும் வாங்கி, மாவட்டக் கந்தோரில பதியணும். கந்தோரில பதிஞ்சாத்தான் சட்டப்படி புருசன் பொண்டாட்டி. பூவும் நூலும் ஊருக்கு. நாம வேதக்காரர், ஞானஸ்நானம் இல்லாத பொண்ணெண்டா ஆயரிட்ட விதிவிலக்கும் வேணும். பாதரிட்ட நான் கதைச்சிட்டன். அவர் முதல்ல கேட்டது, அங்க சாப்பாடு என்ன எண்டு.

சாப்பாடு சொல்றன். ஒட்டுற சோறு, கையால உருட்டித் திங்கலாம். பப்பாசிக்காயைச் சீவி உரலில இடிச்ச சம்பல். புளிச்ச மீன் ஒண்டு, பிளா ரா எண்டு, நம்மட ஜாடிக்குச் சித்தப்பன் முறை. கொச்சிக்காய் நம்மளத் தோற்கடிக்கும். எண்டாலும் தண்ணி கேட்டு ஊரை விட்டுக்குடுக்காதீங்க.

கும்பிடுறதுக்கு அவங்க சொல்ற பேர் “வாய்”. கையால செய்யிற வேலைக்கு வாய் எண்டு பேர் வைச்ச சனம்! நீங்க கையை மட்டும் பாவியுங்க. சின்னப் புள்ளையெண்டாலும் தலையில தட்டாதீங்க. பிக்குமார் இருக்கிற பக்கம் காலை நீட்டாதீங்க. அவங்கட ராசாவைப் பத்தி நல்லதோ கெட்டதோ பகிடி வேணாம். ஒரு பிழைக்கு மூண்டு வருசத்தில இருந்து பதினஞ்சு வருசம் மறியல். நோட்டில ராசாட படம் இரிக்கு, கீழ விழுந்தாக் காலால அமத்திப் பிடிக்காம குனிஞ்சு எடுங்க. குனிஞ்சு காசெடுக்கிறது உங்களுக்குப் புதிசில்ல.

உங்கட பெரிய பொடியனுக்கு ஒண்டு சொல்லி வைங்க. பச்சை இலைப் படம் போட்ட கடையளைக் கண்டா நேர பார்த்து நடக்கட்டும். 2022ல அங்க கஞ்சாவைத் தடைப் பட்டியலில இருந்து எடுத்தவங்க. 2025ல வைத்தியர்ட துண்டில்லாம விக்கப்படாதெண்டு திரும்ப இறுக்கினவங்க. கட்டுநாயக்காவில துண்டும் செல்லாது, மண்ணும் செல்லாது.

சரி, ஒம்பதரைப் பவுணுக்கு வழி என்ன எண்டுதானே பார்த்துக்கொண்டிரிக்கிறீங்க? அந்த மூண்டு ஏக்கரும் இன்னும் அங்கதான் கிடக்கு. உறுதி என்ட பெட்டகத்துக்குள்ள, மேல்தட்டில. திறப்பு மகளிட்ட. ஈடு வைக்கப் போற அண்டைக்கு எனக்கும் ஒரு டிக்கட் போட்டிருங்க, ஜன்னல் பக்கம்; பாஸ்போட்டுக்குப் படம் நான் போன கிழமையே பிடிச்சிட்டன்.