குரங்கு போட்ட ஓட்டு

பசறை டவுனில் லெப்டொப் பற்றி யாரிடமும் யோசனை கேட்கத் தேவையில்லை. வாங்கப் போகிறேன் என்று ஒருவரிடம் சொன்னால் போதும். லுணுகலை பஸ்ஸில் ஏறிய மனுசன்கூட இறங்கி வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார். அதிலும் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவன் வாங்குவது பொதுச்சொத்து. அவரவர் வீட்டுத் தாலி அதற்குள்தானே கிடக்கப்போகிறது.

தோட்டத்தில் லயத்துக்கு லயம் தொழிற்சங்கம் இருப்பதுபோல இதிலும் இரண்டு சங்கம்: அப்பிள், விண்டோஸ். நடுநிலைக்கு அங்கே ஆளில்லை. எனக்கோ இரண்டிலும் உறுப்புரிமை தேவைப்பட்டது. படம் எடுத்து முதல் வெட்டு வெட்டுவது நான். கலர் பார்த்து முடிப்பது கொழும்பில் ஸ்டூடியோ வேலை செய்யும் மச்சான். மச்சான் பரம்பரை மெக்காரர் மாதிரி பேசுவார். என் வீட்டு மேசையிலோ பதுளையில் சாமான் சாமானாக வாங்கிப் பொருத்திய விண்டோஸ் கொம்பியூட்டர்.

அம்மா காலமெல்லாம் கொழுந்தெடுத்தவர். ரூபாயில் சொன்னால் அவருக்கு எதுவும் ஏறாது. ஒருநாள் வேலைக்கு ஒரு பேர் என்று மாற்றித்தான் பார்ப்பார். நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயானது. அந்த வருசக் கடைசியில் 16 ஜிபி ரேமோடு எம்2 மெக்புக் எயார் அமெரிக்காவில் 999 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே மூன்று இலட்சம். கொழும்புக் கடைக்கு வரும்போது இன்னும் ஏறும். அம்மா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவியபடியே கணக்கை முடித்தார்.

“இருநூத்தி இருபத்திரெண்டு பேரு. அதுவும் அரைப்பேர் விழாம எடுத்தா.”

மென்பொருளுக்கு வேறு காசு. ஃபைனல் கட் புரோ மெக்கில் ஓடும், விண்டோஸில் ஓடாது. 300 டொலரை ஒரே தடவையில் கட்டினால் நம்முடையது. அடொபி பிரீமியர் இரண்டிலும் ஓடும், ஆனால் மாதாமாதம் கட்ட வேண்டும் என்றேன். அம்மா நிமிர்ந்தார்.

“மாசாமாசம் சந்தா புடிக்கிறானா? புடிச்சு என்னா வாங்கிக் குடுத்தான்?”

இதே கேள்வியைத் தோட்டத்தில் எத்தனையோ தலைவர்களிடம் கேட்டவர் என்பதால் நான் விளக்கப் போகவில்லை. இரண்டிலும் ஓடி, இலவசமாகவும் கிடைக்கும் டாவின்சி ரிசோல்வ் எங்கள் வீட்டில் ஏகமனதாக நிறைவேறியது.

மெஷின் விசயத்தில் விண்டோஸ் சங்கத்தின் வாதத்தில் நியாயம் இருந்தது. அதே விலைக்குத் தனி கிராஃபிக்ஸ் அட்டையோடு கிடைக்கும். பல மாடல்களில் பின்மூடியைக் கழற்றி ரேம் கூட்டலாம். பழுதென்றால் பதுளையிலேயே ஆள் உண்டு. மெக்புக்கில் வாங்கிய அன்றைக்கு எந்த ரேமோ, அது சாகும்வரை அதே ரேம். நான் தலையாட்டப்போன நேரத்தில்தான் பாணந்துறையில் ஒரு குரங்கு தன் ஓட்டைப் போட்டது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொரு மணி தாண்டியிருக்கும். அங்குள்ள உப மின்நிலையத்துக்குள் போன குரங்கு மின்மாற்றியில் பட்டு நாடு முழுக்கக் கரண்ட் போனது. சொன்னவர் சாதாரண ஆளில்லை, மின்சக்தி அமைச்சர். 2022இல் எண்ணெய் இல்லாமல் 13 மணித்தியாலம் வெட்டியபோதுகூட நேர அட்டவணை போட்டுத்தான் வெட்டினார்கள். குரங்கு அந்த மரியாதையைக் காட்டவில்லை.

அந்நேரம் நான் கூட்டாளி ஒருவரின் கேமிங் லெப்டொப்பைக் கடன் வாங்கி ஒரு மஞ்சள் நீராட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் போனதும் மெஷினின் விசிறிச் சத்தம் அடங்கியது. திரையில் மாமி குடத்தைக் கவிழ்த்தார். தண்ணீர் பிள்ளையின் தலைக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு விரற்கடை இறங்கியது. அந்த ரக மெஷினுக்கு முழு வேகம் அதன் கனத்த சார்ஜர் வழியாக வரும் கரண்டில்தான். பெட்டரியில் பாதி ஆள். அப்பிளின் எம் சிப் வயரிலும் பெட்டரியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஓடும். மச்சான் ஃபோனில் சொன்னார்: “இப்ப சரி விளங்குதா?”

மெக் வந்தது. விண்டோஸும் மேசையை விட்டு எழும்பவில்லை. ஒரு ஹார்ட் டிஸ்க் இரண்டு வீட்டுக்கும் பிள்ளையாகப் போய்வர வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கை மெக் வாசிக்கும், எழுதச் சொன்னால் கையைக் கட்டிக்கொள்ளும். மெக்கின் ஏபிஎஃப்எஸ் டிஸ்கை விண்டோஸில் குத்தினாலோ, பாவிக்க முன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று பணிவாகக் கேட்கும். பணிவுக்கு மயங்கி ஆமென்றால் ஒரு குடும்பத்தின் கலியாணமே ரத்து. எக்ஸ்ஃபெட்டில் போட்டால் இரண்டும் சண்டையில்லாமல் எழுதும்.

அப்புறமும் ஒரு வம்பு. விண்டோஸ் டிஸ்கை ஓர் எழுத்தால் கூப்பிடும், மெக் அதன் பெயரால் கூப்பிடும். இங்கே வெட்டிய புரொஜெக்டை அங்கே திறந்தால் மணவறை, ஐயர், ஐஸ்கிரீம் வரிசை எல்லாம் ஒரே சிவப்பு, கோப்பைக் காணோமாம். இருக்கும் இடத்தைக் கைபிடித்துக் காட்ட வேண்டும். ஆல்பக்காரர் பாமினியில் அடித்துத் தரும் பெயர்கள் வேறு. அந்த எழுத்துரு ஏறாத மெஷினில் மாப்பிள்ளை ஆங்கில எழுத்தாகிவிடுவார், அவர் பெயரிலுள்ள புள்ளியெல்லாம் அரைப்புள்ளியாகிவிடும்.

இவ்வளவையும் தாண்டி ஒரு தோட்டத்துக் கலியாணத்தை அச்சரம் பிசகாமல் முடித்துப் பென்ட்ரைவில் கொடுத்தேன். பெண்ணின் பெரியப்பா வீட்டு டீவிக்கு அப்பிளும் தெரியாது, விண்டோஸும் தெரியாது. அதற்கு ஃபெட்32 மட்டும்தான் பழக்கம். அதிலோ ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கலியாணத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, வரிசை எண் போட்டு, திரும்பக் கொடுத்தனுப்பினேன். இராத்திரி பெரியப்பா ஃபோன் எடுத்தார். பின்னால் டீவியில் நாதஸ்வரம்.

“தம்பி, மொதத் துண்டுல பொண்ணு வந்து குந்திருச்சு. மூணாவதுல பந்தி ஓடுது. நடுவுல உள்ளதத் தொட்டா டீவி அணையுது. தாலி கட்டியாச்சா இல்லையா?”